மருந்து கெட்டித்த துப்பாக்கியும் போஸ்டன் சட்டமும்

வீட்டில் துப்பாக்கி வைத்திருப்போர் அதனை எந்நிலையில் வைத்திருத்தல் வேண்டும் என்பதை இக்காலத்து வினா எனப் பலர் எண்ணுவர். அமெரிக்காவின் போஸ்டன் நகரில் இவ்வினா 1783ஆம் ஆண்டிலேயே எழுந்து, சட்டமாகவும் முடிந்தது.

அந்நாளைய துப்பாக்கி, குழலின் வாய்வழியே நிறைக்கப்படுவது. வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றும் கலந்த மருந்தை முதலில் கொட்டி, பின்னர் ஈயக் குண்டை இட்டு, நீண்ட கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். இது நேரம் பிடிக்கும் வேலை. கெட்டித்ததை வெளியே எடுத்தலோ அதனினும் தொல்லை. சுட்டுத் தீர்ப்பதே எளிய வழி. ஆதலின், ஒருமுறை நிறைத்த துப்பாக்கியை அப்படியே வீட்டில் வைத்துவிடத் தோன்றுதல் இயல்பே.

போஸ்டனோ மரவீடுகள் நெருங்கிய நகரம். 1760 மார்ச்சில் மூண்ட பெருந்தீயில் ஏறத்தாழ 350 கட்டடங்கள் அழிந்தன. தீப்பற்றிய வீட்டுக்கு வாளியுடன் ஓடிவருவோர் பெரும்பாலும் அண்டை அயலாரே. அவ்வீட்டினுள் மருந்து கெட்டித்த துப்பாக்கி இருந்தால், வெப்பத்தால் மருந்து தானே பற்றிக்கொள்ளும். விசையை இழுக்க ஆள் வேண்டுவதில்லை. குண்டு எவர்மேல் பாயும் என்பதும் தெரியாது. வீட்டைக் காக்க வாங்கிய கருவி, வீட்டைக் காக்க வந்தவனையே கொல்லக்கூடும்.

இதனை உணர்ந்த மாசசூசெட்ஸ் சட்டமன்றம், விடுதலைப் போர் ஓய்ந்துவந்த வேளையில், 1783 மார்ச் முதல் நாள் ஒரு சட்டம் இயற்றியது. தீயணைக்க முன்வருவோரின் உயிருக்கு நேரும் இடரே அதற்குக் காரணம் என்று முகவுரையிலேயே கூறிற்று. குடியிருப்பு வீடு, தொழுவம், களஞ்சியம், கடை முதலிய எவ்விடத்தும் மருந்து நிறைத்த துப்பாக்கியைக் கொண்டு செல்வோர்க்குப் பத்துப் பவுன் தண்டம். அத்தகைய கருவியைக் கைப்பற்றும் உரிமை நகரின் தீக்காப்பாளர்க்கு அளிக்கப்பட்டது. துப்பாக்கி வைத்திருத்தலைச் சட்டம் தடுக்கவில்லை. நிறைத்த நிலையில் வீட்டில் வைத்தலையே தடுத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலோகத் தோட்டா பரவியபின், துப்பாக்கியை வெறுமையாக்குதல் எளிதாயிற்று. துப்பாக்கியை ஓரிடத்தும் தோட்டாவை வேறிடத்தும் பூட்டிவைக்கும் நெறிக்கும் அதனால் வழி பிறந்தது. அதே மாசசூசெட்ஸ் 1998இல், கையில் இல்லாத துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டியோ, சுட இயலாதபடி அதற்கே பூட்டு மாட்டியோ வைத்தல் வேண்டும் எனச் சட்டம் செய்தது.

225 ஆண்டுகளுக்குப் பின்னும் பழைய சட்டம் வழக்கில் பேசப்பட்டது. 2008இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வாஷிங்டன் நகரின் கைத்துப்பாக்கித் தடையை ஆராய்ந்தது. தற்காப்புக்குத் துப்பாக்கியை ஆயத்தமாக வைத்தலை முன்னோரும் கட்டுப்படுத்தினர் என்பதற்குப் போஸ்டன் சட்டத்தைச் சான்றாக்கினார் நீதிபதி பிரையர். அது தீயணைப்போரைக் காக்க எழுந்ததேயாகலின் இவ்வழக்குக்குப் பொருந்தாது என்றார் நீதிபதி ஸ்கலியா. ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்த தீர்ப்பில் ஸ்கலியாவின் பக்கமே வென்றது.

வழக்கின் முடிவு எதுவாயினும், 1783இன் சட்டம் ஓர் உண்மையைத் தெளிவாகக் கண்டது. கருவி வீட்டுக்காரனுடையது, அதனால் வரும் இடரோ அவ்வீட்டு வாயிலை மிதிக்கும் அனைவருக்கும் உரியது.