வருகைப் பதிவேடு சொல்லும் வரலாறு

ஓர் ஊரின் வரலாற்றை எழுத விரும்புவோர் பெரும்பாலும் கோட்டைகளையும் கோபுரங்களையும் பள்ளிவாசல்களையும் துறைமுகங்களையும் தேடிச் செல்வர். கடலூருக்குச் செல்பவர் டேவிட் கோட்டையின் எச்சங்களைக் காண்பார். சிதம்பரம் செல்பவர் நான்கு கோபுரங்களைக் காண்பார். பரங்கிப்பேட்டை செல்பவர் பழைய கடல் வாணிகத்தின் நினைவுகளைக் கேட்டுத் திரும்புவார். ஆனால் இவ்வூர்களின் பள்ளிக்கூட அலமாரிகளில் உறங்கும் வருகைப் பதிவேடுகளைத் தேடிச் செல்பவர் மிகச் சிலரே.

அப்பதிவேட்டில் அரசர் பெயர் இராது. போர்ச் செய்தி இராது. ஜூன் மாதத்தில் எழுதப்பட்ட பிள்ளைகளின் பெயர்களும், அவற்றிற்கு எதிரே நாள்தோறும் இடப்பட்ட குறிகளும் மட்டுமே இருக்கும். காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறக்கும்போது ஒரு பெயருக்கு எதிரே குறி நின்றுவிடும். அரையாண்டுத் தேர்வுக்குப் பின் இன்னொரு பெயருக்கு. ஏன் நின்றது என்பதைப் பதிவேடு சொல்லாது. அதனைச் சொல்ல வேண்டியது வரலாறு.

நம் மாவட்டத்துப் பள்ளிகளின் வரலாற்றைத் திறப்பு விழாக் கல்வெட்டுகளிலிருந்து அல்லாமல், இந்தப் பதிவேட்டின் கண்கொண்டு ஒருமுறை பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவேறு நோக்கங்கள், ஒரே முறை

1854ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கம்பெனி அரசு கல்வி பற்றி ஓர் ஆணை அனுப்பியது. சார்லஸ் உட் என்பவரின் பெயரால் வழங்கும் அவ்வாணை, தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரும் முறைக்கு வழிவகுத்தது. அதன் பின்னர் சமய அமைப்புகளும் செல்வர்களும் பள்ளி நடத்த முன்வந்தனர். அன்று தென்னார்க்காடு மாவட்டமாக இருந்த நம் பகுதியிலும் அந்த அலை வீசியது.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864ஆம் ஆண்டு சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1868இல், கடலூரில் கத்தோலிக்கப் பாதிரிமார்கள் புனித வளனார் பள்ளியைத் தொடங்கினர். ஒன்று சைவப் பிள்ளைகள் தம் சமயத்தை விட்டு நீங்காதிருக்கத் தோன்றியது. மற்றொன்று கிறித்தவ சபையின் பணியாகத் தோன்றியது. நோக்கங்கள் எதிரெதிரானவை. எனினும் இரண்டிலும் நடந்த முறை ஏறக்குறைய ஒன்றே. வகுப்புகள் பிரிக்கப்பட்டன, நேர அட்டவணை இடப்பட்டது, அச்சிட்ட பாடநூல் கொடுக்கப்பட்டது, வருகை பதியப்பட்டது.

இதில் நாம் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. நாவலர் இளமையில் யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளியில் பயின்றவர். அங்கேயே ஆசிரியராக இருந்து, பார்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணை நின்றவர். பின்னர் மிஷனரிகளைக் கடுமையாக எதிர்த்தபோதும், அவர்களிடமிருந்து கற்ற பள்ளி நடத்தும் முறையை அவர் கைவிடவில்லை. அச்சுக்கூடம் அமைத்தார், பால பாடங்களைப் படிப்படியாக எழுதி வெளியிட்டார். நல்ல முறை எவரிடம் இருந்தாலும் அதனைக் கற்றுக்கொள்வதில் இழிவில்லை என்பதற்கு அவரே சான்றாவார்.

அக்காலத்தில் முஸ்லிம் பிள்ளைகளின் நிலை எவ்வாறு இருந்தது? மக்தபுகளில் ஓதும் பிள்ளைகள் பலர். ஆங்கிலப் பள்ளிக்குச் சென்றோர் சிலர். முஸ்லிம் மாணவர்களிடம் பாதிக் கட்டணம் மட்டும் வாங்கும் சலுகையைச் சென்னை மாகாண அரசு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அளித்திருந்தது. கதவு பாதி திறந்திருந்தும் நுழைந்தோர் குறைவே. ஆனால் அதே காலத்தில், முழுக் கட்டணத்தைக் கையில் ஏந்தி நின்றாலும் கதவு திறக்கப்படாத மக்களும் நம் மாவட்டத்தில் இருந்தனர்.

கதவுக்கு வெளியே நின்றவர்கள்

1891இல் செங்கற்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அதன் விளைவாக 1893இல் அம்மக்களின் கல்விக்கெனத் தனி அரசாணை பிறந்தது. ஆணை காகிதத்தில் இருந்தது. ஊரில் வழக்கம் வேறாக இருந்தது. பிள்ளையைச் சேர்த்தால் மற்றவர்கள் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்றுவிடுவர் என்று அஞ்சிய பள்ளிகள் பல.

இந்நிலையில்தான் ஆரணிக்கு அருகிலுள்ள மேல்புதுப்பாக்கத்தில் 1890ஆம் ஆண்டு பிறந்த முனுசாமி என்னும் சிறுவன் திண்டிவனத்து மிஷன் பள்ளியில் சேர்ந்தான். படிப்பில் சிறந்து விளங்கினான். மதம் மாறச் சொன்னபோது அவன் மறுத்தான் என்றும், அதனால் அதுவரை அவனுக்காகச் செலவிட்ட தொகையைத் திருப்பிக் கேட்டனர் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். படிப்பு நின்றது. பதிவேட்டில் ஒரு பெயருக்கு எதிரே குறி நின்றுபோனது.

குடும்பத்தார் பிழைப்புக்காகக் கோலார் தங்கவயலுக்குச் சென்றனர், அவரும் சென்றார். பின்னர் துறவில் நாட்டம் கொண்டு, சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளிடம் சீடரானார். குருவின் விருப்பப்படி 1910இல் சிதம்பரம் வந்து சேர்ந்தார். அவரே சுவாமி சகஜானந்தர்.

ஓமக்குளத்தில் இருபத்தைந்து பிள்ளைகள்

சிதம்பரம் ஓமக்குளம், நந்தனாரின் நினைவோடு இணைத்துப் பேசப்படும் இடம். கோயிலுக்குள் நுழைய முடியாமல் ஏங்கிய அடியாரின் பெயரால் மடம் அமைத்த சகஜானந்தர், 1916ஆம் ஆண்டு நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, 25 மாணவர்களோடு பள்ளியைத் தொடங்கினார்.

இருபத்தைந்து என்பது சிறிய எண். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த பொறுப்பைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். அப்பிள்ளைகளுள் பெரும்பாலோர் பண்ணையாட்களின் மக்கள். பிள்ளை பள்ளிக்குச் சென்றால் மாடு மேய்க்க ஆள் குறையும். நடவிலும் அறுவடையிலும் ஒரு கை குறையும். தொலைவிலுள்ள சேரியிலிருந்து நாள்தோறும் நடந்து வருதல் இயலாது. நகரில் வாடகைக்கு அறை தருவார் இல்லை. உணவு விடுதியில் அமர இடமில்லை. ஆகவே கரும்பலகையும் ஆசிரியரும் மட்டும் இருந்தால் அது பள்ளி ஆகாது என்பதை அத்துறவி அறிந்திருந்தார். பள்ளியோடு தங்கும் விடுதி வேண்டும். விடுதியில் அடுப்பு எரிய வேண்டும்.

இவ்வுண்மையைச் சகஜானந்தர் நூல்களில் படித்து அறியவில்லை. தம் இளமையில் விடுதிச் செலவே தம்மை வகுப்பிலிருந்து வெளியேற்றியதைக் கண்டவர் அவர். அந்தக் கணக்கை இன்னொரு பிள்ளையிடம் எவரும் நீட்டக் கூடாது என்னும் உறுதியே நந்தனார் பள்ளியின் உண்மையான அடிக்கல் எனலாம்.

கொடையாளர்களையும் அரசையும் அவர் இடைவிடாது நாடினார். 1920ஆம் ஆண்டையொட்டிச் சென்னை அரசு தொழிலாளர் துறை என்னும் பெயரில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கான தனித் துறையை உருவாக்கி, அவர்களுக்குப் பள்ளிகள், மனைகள், உதவித்தொகை ஆகியவற்றை வழங்கத் தொடங்கியது. இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறையின் முன்னோடி அதுவே. 1926 முதல் சட்டமன்றத்திலும் இடம்பெற்ற சகஜானந்தர், தம் மக்களின் கல்விக்காக அங்கும் குரல் கொடுத்தார். 1959 மே 1ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய பள்ளி பின்னர் அரசுப் பள்ளியாகி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி மேல்நிலைப் பள்ளிகளாக நந்தனார் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதே சிதம்பரத்தில் அண்ணாமலை செட்டியார் 1920இல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்க, அது வளர்ந்து 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக மலர்ந்ததை நாம் அறிவோம். தமிழகத்தின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் அங்கு வந்து பயின்றனர். எனினும் பல்கலைக்கழகத்தின் வாயில் எத்துணைப் பெரிதாயினும், அதன் வழியே நுழைய வேண்டிய பிள்ளை ஐந்தாம் வகுப்பில் நின்றுவிட்டால் பயன் என்ன? அவ்வாயிலுக்கான பாதை ஓமக்குளத்து விடுதி போன்ற இடங்களின் வழியாகவே ஏழைகளுக்குக் கிடைத்தது.

ஒரு தண்ணீர்ப் பானை

பள்ளிக்குள் சேர்த்துக்கொள்வது வேறு. சமமாக நடத்துவது வேறு. காட்டுமன்னார்கோவில் பகுதியில் 1924இல் பிறந்த எல். இளையபெருமாளின் பள்ளி நாள்களைப் பற்றிப் பலரும் எடுத்துச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அவர் பயின்ற பள்ளியில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தனித் தண்ணீர்ப் பானை வைக்கப்பட்டிருந்தது. மாணவன் இளையபெருமாள் அப்பானையை உடைத்தார். புதுப் பானை வைத்தால் அதையும் உடைத்தார். இறுதியில் உண்மை வெளிப்பட்டபோது, அந்தத் தனிப் பானை வழக்கமே அப்பள்ளியில் ஒழிந்தது.

அச்சிறுவனே வளர்ந்து 1952இல் மக்களவை உறுப்பினரானார். தீண்டாமைக் கொடுமைகளை ஆராய 1965இல் மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்று, 1969இல் அறிக்கை அளித்தார். கோயில் கருவறையில் பணிபுரியும் உரிமை வரை பேசிய அவ்வறிக்கையின் வேர், ஒரு பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் இருந்த மண்பானையில் கிடக்கிறது.

பிள்ளைகள் பாடநூலை மறந்துவிடலாம். தமக்கு எந்தக் குவளையில் தண்ணீர் தரப்பட்டது என்பதை மறப்பதில்லை.

அடுப்பின் வரலாறு

வகுப்பறையில் பிள்ளையை நிறுத்தி வைத்ததில் சோற்றுக்கு உள்ள பங்கைத் தமிழ்நாடு பிற மாநிலங்களுக்கு முன்பே உணர்ந்தது. 1920இல் சென்னை மாநகராட்சி, தியாகராயச் செட்டியார் தலைமையில் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு வழங்கத் தொடங்கியது. 1956இல் காமராசர் ஆட்சியில் அது மாநிலம் தழுவிய திட்டமாக விரிந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக வளர்ந்தது. 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பட்டது. நூறு ஆண்டு கால இவ்வரலாற்றை ஒரே வரியில் சொல்வதாயின், சகஜானந்தர் ஓமக்குளத்தில் ஏற்றிய அடுப்பைப் போன்ற ஓர் அடுப்பை அரசு ஊர்தோறும் ஏற்றியது எனலாம்.

நாம் செய்ய வேண்டிய கணக்கு

அன்பிற்குரிய ஜமாஅத்தாரே! இவ்வரலாறு மற்றவர்களைப் பற்றியது என்று நாம் கடந்து சென்றுவிடக் கூடாது. 2006இல் வெளியான நீதிபதி சச்சார் குழுவின் அறிக்கை, இந்திய அளவில் 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளுள் நூற்றுக்கு 25 பேர் பள்ளிக்கே சென்றதில்லை அல்லது இடையில் நின்றுவிட்டனர் என்று கூறியது. நம் மாநிலத்தின் நிலை பல வகையில் மேலானது. 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடும் இங்கு உண்டு. ஆயினும் இடஒதுக்கீடு பன்னிரண்டாம் வகுப்பை முடித்து வந்து நிற்கும் பிள்ளைக்குத்தான் பயன்படும். இடையில் கடைக்கு வேலைக்குச் சென்ற மகனுக்கும், வீட்டோடு நிறுத்தப்பட்ட மகளுக்கும் அது வெறும் செய்தியே.

ஆண்டறிக்கைகளில் அதிக மதிப்பெண் பெற்ற மாணவ மாணவியரின் பெயர்களை அச்சிட்டுப் பாராட்டுகிறோம், பரிசு வழங்குகிறோம். அது நல்ல வழக்கமே, தொடரட்டும். ஆனால் சென்ற ஜூன் மாதம் பள்ளியில் சேர்ந்து, இந்த ஏப்ரலில் தேர்வு எழுதாதவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு எந்தப் பக்கத்தில் உள்ளது? பெயரை அச்சிட வேண்டியதில்லை. அது அப்பிள்ளைகளைப் புண்படுத்தும். எண்ணிக்கையை மட்டும் எழுதுவோம். ஒவ்வொரு தெருவுக்கும் இருவர் பொறுப்பேற்று, காலாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒருமுறை, அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒருமுறை வீடுகளுக்குச் சென்று கேட்டால் அக்கணக்கு கிடைத்துவிடும். நின்றதற்குக் காரணம் கட்டணமா, பேருந்தா, பசியா, தந்தையின் நோயா, அல்லது வகுப்பில் பட்ட அவமானமா என்பதும் தெரிந்துவிடும். காரணம் தெரிந்தால் உதவி எங்கே தேவை என்பதும் விளங்கும்.

பள்ளிக்கூடம் கட்டுவது ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வாய்க்கும் பெரும் பணி. பள்ளிக்குச் சென்ற பிள்ளை நாளையும் செல்லும்படி பார்த்துக்கொள்வது, ஒவ்வொரு நாளும் வாய்க்கும் சிறு பணி. நாவலர் முறையைக் கற்றார். சகஜானந்தர் அடுப்பை ஏற்றினார். இளையபெருமாள் பானையை உடைத்தார். நம் பங்குக்கு, ஒரு பெயருக்கு எதிரே குறி நிற்கும் அந்த நாளிலேயே அந்த வீட்டுக் கதவைத் தட்டுவோமாக.