ஊராட்சியின் வரி, அரசின் சலுகை

திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்கா திறக்கப்பட்டது. 64 ஏக்கர் பரப்பு, 611 கோடி ரூபாய் முதலீடு. நிலத்தை வாங்கிய நிறுவனம் பல ஆண்டுகள் வேலையைத் தொடங்காமல் காத்திருந்தது. முட்டுக்கட்டையாக இருந்தது நுழைவுச் சீட்டின் மீதான 10 விழுக்காடு உள்ளாட்சிக் கேளிக்கை வரி. 10 ஆண்டு விலக்குக்குத் தமிழக அரசு இசைந்த பிறகுதான் வேலை நகர்ந்தது.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது மாநிலங்களின் கேளிக்கை வரி அதில் கரைந்தது. உள்ளாட்சிகள் விதிக்கும் கேளிக்கை வரியை மட்டும் அரசமைப்பின் 101ஆவது திருத்தம் விட்டுவைத்தது. தமிழகம் அதே ஆண்டில் அதற்கெனத் தனிச் சட்டம் கொண்டுவந்தது.

நிறுவனத்தின் முறையீட்டில் நியாயம் உண்டு. 1,000 ரூபாய்க் கட்டணத்துக்கு முதலில் 280 ரூபாயாக இருந்த ஜி.எஸ்.டி., 2018 ஜனவரியில் 180 ஆகக் குறைந்தது. உள்ளாட்சி வரி அதற்கு மேல் இன்னொரு 100. வாங்கிய பொருள்களுக்குக் கட்டிய வரியை ஜி.எஸ்.டி.யில் ஈடுசெய்துகொள்ளலாம், கேளிக்கை வரியில் அதற்கு வழியில்லை. லாபமோ நட்டமோ, மொத்த வசூலிலிருந்தே அது போகிறது. மழைக்காலத்திலும் தேர்வு மாதங்களிலும் கூட்டம் மெலியும். ராட்டினப் பராமரிப்பும் உயிர்காப்பாளர் சம்பளமும் மெலிவதில்லை.

ஆனால் விட்டுக்கொடுக்கப்பட்டது யாருடைய பணம்?

அந்த 180 ரூபாயில் 90 மத்திய அரசுக்கு, 90 மாநிலத்துக்கு. சலுகை அளித்த மாநிலத்தின் பங்கு அப்படியே இருக்கிறது. போனது உள்ளாட்சிக்குரிய 100. பேருந்துகள் உழும் ஊர்ச்சாலை, சேரும் குப்பை, குடிநீர்த் தேவை எல்லாம் ஊர் தாங்க வேண்டியவை. ஊராட்சியின் கையில் இருக்கும் முக்கிய வரிகளோ வீட்டு வரியும் தொழில் வரியும்தான். பூங்காவே வராவிட்டால் அந்த 100 ரூபாய் எங்கே என்று கேட்கலாம். சரியான கேள்வி. ஆனால் அது விலக்கு தேவை என்பதற்கான வாதம். அதன் சுமையை ஊராட்சி ஏற்க வேண்டும் என்பதற்கானதல்ல.

கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் டிஸ்னிலேண்டுக்கு இதைவிடப் பெரிய சலுகை கிடைத்தது. 100 கோடி டாலர் முதலீடு செய்தால் 30 ஆண்டுகள், மேலும் முதலீடு செய்தால் 45 ஆண்டுகள் வரை நுழைவு வரிச் சுமை இல்லை என்று 2015இல் நகரமன்றம் 3-2 வாக்கில் முடிவெடுத்தது. கடும் எதிர்ப்பு கிளம்பியது. 2018இல் டிஸ்னியே கேட்டு அந்த ஒப்பந்தம் ரத்தானது. முடிவின் நன்மை தீமை ஒருபுறம் இருக்கட்டும். நகருக்கு வரக்கூடிய வருவாயை அங்கே விட்டுக்கொடுத்தது நகரமன்றமே; ஊர்மக்கள் அதைத் தட்டிக்கேட்க முடிந்தது.

இங்கேயும் ஊராட்சியின் ஒப்புதலைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும். விலக்கு நீடிக்கும் காலம் வரை, மாநிலத்துக்கு வரும் 90 ரூபாயில் 20 ரூபாயையாவது அந்த ஊருக்கு ஈடாக ஒதுக்கலாம். சீட்டு விலை ஒரு காசும் ஏறாது.