ஒலிபெருக்கியிலிருந்து கைப்பேசிக்கு: விழுப்புரம்–புதுச்சேரி வட்டாரத்தில் இணையமும் ஊர்ப்பொதுக் காரியமும்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் ரயில் பாதை 1879இல் திறக்கப்பட்டது. வளவனூர், சின்னபாபுசமுத்திரம் கடந்தால் வில்லியனூர். இவ்வட்டாரத்துக் கிராமங்களுக்கு இணையம் வந்து சேர்ந்த வழியும் அந்த வில்லியனூர்தான். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் (ஐ.டி.ஆர்.சி.) நிதியுதவியோடு அங்கே தலைமை மையம் ஒன்றை நிறுவி, எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களின் கணினிகளை வானொலி அலைகளால் இணைத்தது. மின்சாரம் போனால் கைகொடுக்கச் சூரியத் தகடுகள் இருந்தன. இடத்தை ஊர்தான் தர வேண்டும். எந்தச் சாதியாரும் உள்ளே வரத் தடை கூடாது. இவை நிபந்தனைகள். எம்பலத்தில் கோயில் இடத்திலேயே மையம் அமைந்தது. சாதிவாரியாகத் தெரு பிரிந்து கிடக்கும் வட்டாரத்தில் அந்த இரண்டாவது நிபந்தனையைக் கணினியைவிடப் பெரிய மாற்றமாகவே நான் மதிக்கிறேன்.

அந்த இணையத்தை ஊரார் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதே அதிகம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்கணிப்பை வில்லியனூரில் இறக்கித் தமிழாக்கி அனுப்புவார்கள். வீராம்பட்டினத்தில் அது ஒலிபெருக்கியில் ஒலிக்கும். வலை பின்னிக்கொண்டிருப்பவர், கட்டுமரம் தள்ளுபவர், மீன்கூடை சுமப்பவர் எல்லாருக்கும் ஒரே சேதி ஒரே நேரத்தில். விளைபொருள் விலையும் அரசுத் திட்ட விவரமும் ஊர் மையங்களுக்கு இப்படியே வந்தன. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோர் பட்டியலும் ஊர் மையத்தில் பார்க்கக் கிடைத்தது. அலுவலக அலமாரியில் கிடந்த பட்டியல் ஊர் நடுவே வந்ததும், யார் பெயர் விட்டுப்போயிற்று என்று கேட்க ஆள் வந்தார்கள்.

அமெரிக்காவில் ஏறக்குறைய இதே காலத்தில் இணையம் அதிபர் தேர்தல் களத்துக்குள் புகுந்துகொண்டிருந்தது. 2003இல் ஹோவர்ட் டீனும் 2008இல் ஒபாமாவும் எளியவர்களின் சிறு நன்கொடைகளை அதன் வழியே திரட்டினார்கள். அங்கே வாக்காளரைத் தேடிப் போன கருவி, இங்கே ஊர்ப் பொதுவிடத்தில் வந்து உட்கார்ந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமிச் செய்தியைச் சிங்கப்பூரில் தொலைக்காட்சியில் கண்ட நல்லவாட்டுக்காரர் ஒருவர், இதேபோல் மையம் அமைந்திருந்த தம் கடலோர ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். பூட்டியிருந்த மையத்தை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஏறத்தாழ 3,600 பேர் உயிர் தப்பினர். அங்கே காப்பாற்றியது இணையம் என்று சொல்வது மிகை. இணையத்துக்காக ஊர் கட்டி வைத்திருந்த பொது ஏற்பாடு காப்பாற்றியது.

அதன்பின் போக்கு மாறியது. 1997இலேயே தமிழ்நாடு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியிருந்தாலும் அதில் விலக்குகள் மிகுதி. 2005இன் மத்தியச் சட்டமே சாதாரணக் குடிமகன் கையில் உண்மையான கருவியானது. 2013இல் மத்திய அரசுத் துறைகளுக்கு இணையவழியிலேயே தகவல் மனு போட வழி பிறந்தது. பட்டா, சிட்டா நகல் இணையத்துக்கு வந்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய ஜல்லிக்கட்டு ஆதரவுக் கூட்டம் கைப்பேசியால் திரண்டது. 2021இல் 1100 எண்ணில் முதல்வர் உதவி மையமும், ‘முதல்வரின் முகவரி’த் துறையும் வந்தன. திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கென்று பேருந்து ஏறி, ஆட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நின்ற மூதாட்டிக்கு, வீட்டிலிருந்தே குறையைச் சொல்ல முடிவது பெரும் விடுதலை. கூலி போகாது, யார் முன்னும் கைகட்டி நிற்க வேண்டாம்.

ஆனால் முதலில் சொன்ன ரயில் பாதையிலுள்ள வளவனூரை எடுத்துக்கொள்வோம்; அது பேரூராட்சி. சுற்றியுள்ள ஊராட்சிகளில் கூடுவது போன்ற கிராம சபை இங்கே கிடையாது. தெருவில் சாக்கடை அடைத்தால் பத்து வீட்டாரும் தனித்தனியே மனுப் போடலாம். பத்துப் பேருக்கும் பத்து எண்கள் கிடைக்கும். ‘தீர்வு காணப்பட்டது’ என்ற குறுஞ்செய்தி ஒரு வீட்டுக்கு வரும்போது அடுத்த வீட்டுக்காரர் அதை அறிவதில்லை. வீராம்பட்டினத்து ஒலிபெருக்கி கேட்கும் தூரத்தில் நின்றவர்களுக்குக் கிடைத்த அந்த ஒன்று, மற்றவரும் இதையே கேட்டார் என்கிற அறிவு, இந்த ஏற்பாட்டில் எங்கும் சேர்க்கப்படவில்லை.