பாதுகாப்பு அவையின் ஒருமித்த இசைவும் மும்பையும்

1945 ஜூன் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் பட்டயத்தில் இந்தியாவின் சார்பாகக் கையொப்பமிட்டோர் இருவர். ஆர்க்காடு இராமசாமி முதலியார், வி. டி. கிருஷ்ணமாச்சாரி ஆகிய அவ்விருவரும் தமிழர். இன்னும் விடுதலை பெறாத நாடொன்றின் பெயரால் ஒப்பமிட்டவர்கள். பாதுகாப்பு அவையின் முடிவுகளை ஏற்று நிறைவேற்ற உறுப்பு நாடுகள் உடன்படுகின்றன என்கிறது அப்பட்டயத்தின் 25ஆம் உறுப்பு. அவ்வுடன்பாடு இந்திய நகரம் ஒன்றின் துயரில் எவ்வாறு செயற்பட்டது என்பதை இக்கட்டுரை நோக்குகிறது.

2008 நவம்பர் 26 இரவு தொடங்கிய மும்பைத் தாக்குதலில் 166 பேர் மாண்டனர். தாஜ் விடுதியே உலகின் நினைவில் நிற்கிறது. ஆயின் சத்திரபதி சிவாஜி முனையத்தில் தொலைதூர வண்டிகளுக்காகக் காத்திருந்தோர் மீதும் குண்டுகள் பாய்ந்தன. தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழர்க்கு அது சென்னை மெயிலும் நாகர்கோவில் விரைவு வண்டியும் புறப்படும் நிலையமாகும்.

பாதுகாப்பு அவை விரைந்தே செயற்பட்டது. 1999ஆம் ஆண்டின் 1267ஆம் தீர்மானத்தால் அமைந்த தடைக் குழு, 2008 டிசம்பர் 10 அன்று ஹபீஸ் சயீத், லக்வி உள்ளிட்ட நால்வரைப் பட்டியலிட்டது. இரு வாரங்களில் எய்திய இவ்விசைவு பின்னர் வாய்க்கவில்லை. மசூத் அசாரைப் பட்டியலிட இந்தியா 2009இல் விடுத்த கோரிக்கை 2019 மே 1 அன்றே நிறைவேறியது. இடையில் தடுத்தது சீனா.

ஈண்டு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. நிரந்தர உறுப்பினர் ஐவரின் மறுப்புரிமை திறந்த அவையில் பதிவாகிறது. தடைக் குழுவிலோ முடிவுகள் ஒருமித்த இசைவாலேயே அமைவதால், 15 உறுப்பினருள் எவர் ஒருவரும் மூடிய அறையில் ஒரு பெயரை நிறுத்திவைக்கலாம். காரணத்தை உலகறியச் சொல்ல வேண்டுவதில்லை. முன்னதினும் பின்னதே கூட்டுப் பாதுகாப்பிற்குப் பெருந்தடை என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

2022 அக்டோபர் 28 அன்று அவையின் பயங்கரவாத எதிர்ப்புக் குழு அதே தாஜ் விடுதியில் கூடியது. தாக்குதலை நெறிப்படுத்தியவராக இந்தியா குற்றஞ்சாட்டும் சாஜித் மீரின் குரற்பதிவு அங்கு ஒலிபரப்பப்பட்டது. அவ்வாண்டு நிறுத்திவைக்கப்பட்டிருந்த அப்துல் ரகுமான் மக்கியின் பெயர் 2023 ஜனவரி 16 அன்று பட்டியலில் சேர்ந்தது. சாஜித் மீர் பற்றிய முன்மொழிவையோ அவ்வாண்டு ஜூனில் சீனா மீண்டும் தடுத்தது.