பெருக்கல் விதி (வகை நுண்கணிதம்)

இரண்டு சார்புகளின் பெருக்கலை வகையிட உதவுவது பெருக்கல் விதி. முதல் சார்பை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டாவதை வகையிட வேண்டும். பிறகு இரண்டாவதை அப்படியே வைத்து முதலாவதை வகையிட வேண்டும். இரண்டையும் கூட்டினால் விடை.

கூட்டலில் ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியே வகையிட்டால் போதும். அந்தப் பழக்கத்தில், பெருக்கலிலும் இரு வகைக்கெழுக்களைப் பெருக்கிவிடுவது புதிதாகப் படிப்பவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. இதில் வெட்கப்பட ஏதுமில்லை. நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸே 1675 நவம்பர் 11 தேதியிட்ட கையெழுத்துப்படியில் இப்படி இருக்குமோ என்று ஆராய்ந்துதான் அது பொருந்தாது என்று கண்டார். சரியான விதி 1684இல், லைப்சிக்கிலிருந்து வந்த 'ஆக்டா எருடிடோரம்' இதழில் அவர் எழுதிய கட்டுரையில், நிறுவல் இல்லாமல் அச்சானது.

விதியின் காரணம் ஒரு செவ்வகத்தில் தெளிவாகிறது. நீளம் 10, அகலம் 6 என்றால் பரப்பு 60. நீளம் 0.1, அகலம் 0.2 கூடினால் பரப்பு 62.62. கூடியது 2.62. இதில் நீளத்தை ஒட்டிய பட்டை 10 × 0.2 = 2; அகலத்தை ஒட்டியது 6 × 0.1 = 0.6, மூலையில் விழும் சிறு துண்டு 0.1 × 0.2 = 0.02. அதிகரிப்புகளைப் பத்தில் ஒரு பங்காக்கினால் பட்டைகள் சேர்ந்து 0.26 ஆகின்றன, மூலைத் துண்டோ நூறில் ஒரு பங்காகி 0.0002 ஆகிவிடுகிறது. எல்லையில் பட்டைகள் மட்டுமே கணக்கில் நிற்கும். பிழையான விதி, மறைய வேண்டிய இந்த மூலைத் துண்டை வைத்துக்கொண்டு பட்டைகளை விட்டுவிடுகிறது.

மூலைத் துண்டை எந்த நியாயத்தில் விடுவது என்பது எளிதில் தீரவில்லை. நியூட்டன் 1687இல் வெளியிட்ட 'பிரின்சிபியா'வில், பக்கங்களை அதிகரிப்பில் பாதியளவு குறைத்தும் பாதியளவு கூட்டியும் வித்தியாசம் எடுத்தார். துண்டு தானாகவே அடிபட்டுப்போனது. உண்மையான அதிகரிப்பு அதுவல்ல என்று மெய்யியலாளர் ஜார்ஜ் பெர்க்லி 1734இல் கண்டித்தார். அவருடைய கேள்வி நியாயமானது. கணிதவியலாளர் கோஷி 1820களில் எல்லை என்ற கருத்தின்மேல் நுண்கணிதத்தைக் கட்டியெழுப்பிய பிறகே அதற்கு உறுதியான பதில் அமைந்தது.

முழு எண் அடுக்குகளுக்கான விதியும் இதிலிருந்தே கிடைக்கும். ஒரு மாறியின் மும்மடியை, அதன் வர்க்கமும் அதே மாறியும் பெருக்கியதாக எழுதி வகையிட்டால், ஒரு பகுதி வர்க்கம், மறுபகுதி வர்க்கத்தின் இருமடங்கு. மொத்தம் வர்க்கத்தின் மூன்று மடங்கு.