கல்கத்தா - 16: ஒரு பழைய கிட்டாரின் முகவரியை வாசிப்பது

தேவாரத்திலிருந்து பண்ணைப்புரம் சில கிலோமீட்டர்தான். 1943-இல் இளையராஜா பிறந்த ஊர். லண்டன் ட்ரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் பின்னாளில் தங்கப் பதக்கம் வாங்கியவர் அவர். அதனாலோ என்னவோ, கச்சேரிக் குழு, சர்ச், காலேஜ் ஹாஸ்டல் என்று சுற்றிவிட்டு ஏதாவதொரு வீட்டுப் பரணில் தூங்குகிற பழைய கிட்டார்கள் எங்கள் பக்கம் கொஞ்சம் உண்டு. அவை விற்பனைக்கு வரும்போது ஒரு கதையும் கூடவே வரும். "ஜெர்மன் மேக்", "ஜப்பான் அயிட்டம்", "சிலோன்ல இருந்து கொண்டாந்தது". விலை பெரும்பாலும் கிட்டாருக்கு இல்லை, அந்தக் கதைக்குத்தான்.

நான் வித்வான் இல்லை. நாலு கார்டு தெரியும். ஆபீஸ் நேரம் போக கல்வெட்டு வாசிப்புதான் பொழுதுபோக்கு. அங்கே கற்ற பழக்கம் ஒன்று இங்கே உதவுகிறது. மெய்க்கீர்த்தியில் ராஜா எல்லா நாட்டையும் வென்றிருப்பார். அதை அப்படியே நம்ப முடியாது. ஆனால் கீழே, நிலத்துக்குக் கிழக்கெல்லை எந்த வாய்க்கால் என்று சொல்லும் வரியில் பொய் சொல்ல யாருக்கும் அவசியம் இல்லை. கிட்டாரின் தலையில் கொட்டை எழுத்தில் இருக்கும் பெயர் மெய்க்கீர்த்தி. உள்ளே, ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தால் தெரியும் லேபிளின் கடைசி வரி, அதாவது முகவரி, அதுதான் எல்லை.

தலையை ஏன் நம்பக் கூடாது? 1991-க்கு முன்பு வெளிநாட்டுக் கிட்டார் வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. இறக்குமதிக் கட்டுப்பாடு, லைசென்ஸ், தீர்வை. சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வருகிற சொந்தக்காரர் தூக்கி வந்தால் உண்டு. மற்றபடி நம் நாட்டில் செய்ததுதான். அதில் பெரிய கேந்திரம் கொல்கத்தா. அமெரிக்காவில் கிப்சன், கொல்கத்தாவில் கிவ்சன். ஜெர்மனியில் இரண்டு பெயர்கள்: 1887-இல் கார்ல் ஹோஃப்னர் தொடங்கிய ஹோஃப்னர் (பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி கையில் இருக்குமே, வயலின் மாதிரி ஒரு பேஸ் கிட்டார், அது இவர்களுடையது), இன்னொன்று மவுத் ஆர்கனுக்குப் பேர்போன ஹோனர். நம் நாட்டில் இரண்டுக்கும் நடுவில் ஹோப்னர். இதை வெறும் காப்பி என்று சிரித்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் ஒரு முழுத் தலைமுறைக்கு விரல் பழக்கிவிட்டவை இந்தக் கிட்டார்கள்தான். என்னைக் கேட்டால் அதற்கே ஒரு தனி மரியாதை உண்டு. சிக்கல் எங்கே என்றால், முப்பது நாற்பது வருடம் கழித்து ஓர் எழுத்து அழிந்துபோன நிலையில் அது "ஜெர்மன்" ஆகிவிடுவதில்தான்.

சரி, முகவரிக்கு வருவோம். "மேற்கு ஜெர்மனி" என்று இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. அந்த நாடே அவ்வளவு காலம்தான் இருந்தது. யமஹா லேபிளில் "நிப்போன் கக்கி" என்று இருந்தால் (காதில் எப்படி விழுந்தாலும், ஜப்பான் மொழியில் அதற்கு 'ஜப்பான் இசைக்கருவி' என்றுதான் பொருள்) அது பழைய லேபிள். கம்பெனி தன் பெயரை யமஹா கார்ப்பரேஷன் என்று மாற்றிக்கொண்டது 1987-இல். 1966-இல் வந்த எஃப்ஜி-180 போன்ற சிவப்பு லேபிள் கிட்டார்களுக்கு இன்று தனி கிராக்கி. ஆனால் ஜப்பான் கம்பெனி என்றாலே ஜப்பானில் செய்தது என்று ஆகாது. தைவானிலும் பிறகு இந்தோனேசியாவிலும் செய்தார்கள். எங்கே செய்தது என்ற வரியைத் தனியாகப் படிக்க வேண்டும்.

நம் ஊர் லேபிள்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது பின்கோடு. ஆறு இலக்கப் பின்கோடு நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15. அதற்கு முன் பெருநகரங்களில் வட்ட எண் மட்டும்தான்: "கல்கத்தா - 16", "மெட்ராஸ் - 2" என்கிற மாதிரி. மெட்ராஸ் 1996-இல் சென்னை ஆனது. கல்கத்தா 2001-இல் கொல்கத்தா ஆனது. ஆக "கல்கத்தா 700 016" என்று அச்சிட்ட லேபிள் 1972-க்கு முன்பு இருக்கவே முடியாது, 2001-க்குப் பிறகு இருக்க வாய்ப்பு குறைவு. பழைய லேபிள் கட்டு மிச்சமிருந்து பிற்பாடு ஒட்டியிருக்கலாம் என்பதால் அந்தப் பின் எல்லை கொஞ்சம் தளர்வு. முன் எல்லை இறுக்கம்.

அமெரிக்கக் கிட்டார் என்றால் எண்கள். மார்ட்டின் கம்பெனி 1898-இல் வரிசை எண் போட ஆரம்பித்தபோது, அதுவரை செய்தவற்றை உத்தேசமாகக் கணக்கிட்டு 8000 என்று தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை ஏறுமுகம்தான், எண்ணைப் பார்த்து வருடம் சொல்லிவிடலாம். கிப்சனில் அவ்வளவு ஒழுங்கு கிடையாது. ஆனால் தலையின் பின்பக்கம் வரிசை எண்ணோடு தனியாக "2" என்று குத்தியிருந்தால், பாலிஷிலோ மரத்திலோ சின்னக் குறை என்று ஆலையே இரண்டாம் தரமாகத் தள்ளியது என்று அர்த்தம்.

போன வருடம் போடியில் ஒரு கிட்டார் பார்க்கப் போனேன். நண்பரின் மகளுக்காக. விற்பவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய அப்பா மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் கணக்கு எழுதியவர். "65-ல அப்பா வாங்குனது தம்பி, ஜெர்மன்" என்றார். பன்னிரண்டாயிரம் சொன்னார். கருகருவென்று பளபளப்பு, தலையில் பெயரே இல்லை.

பளபளப்புதான் முதல் சந்தேகம். டியூனிங் கீயின் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றச் சொல்லிக் கேட்டேன். தகட்டுக்கு அடியில் மரம் செம்பழுப்பு, சுற்றிலும் கறுப்பு. உள்ளே லேபிளின் மேல் ஓரத்தில் பொடிப்பொடியாகக் கறுப்புத் தூற்றல். ஆக, யாரோ கார் பெயிண்ட் அடிக்கிற மாதிரி ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள், அதில் தலையில் இருந்த பெயரும் போய்விட்டது. ஓட்டையின் விளிம்பைப் பார்த்தேன். ஒரே மரப்பலகை என்றால் மேலே ஓடும் ரேகை விளிம்பிலும் அப்படியே இறங்கும். இதில் மூன்று அடுக்கு தெரிந்தது, ப்ளைவுட். ஃபிங்கர்போர்டுக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு கோடு. அறையை இருட்டாக்கி, சின்ன எல்இடி விளக்கை உள்ளே போட்டுப் பார்த்தோம். வெளிச்சம் கசியவில்லை, பிளந்தது பெயிண்ட்தான், மரம் இல்லை. பிரிட்ஜின் பின் விளிம்பில் மட்டும் ரேஷன் பில் ஒன்று அரை விரல் அளவு உள்ளே போனது. அது விடுபடுகிறது, ஒட்ட வேண்டும்.

லேபிள் பாதி கிழிந்திருந்தது. மிச்சத்தில் "கல்கத்தா", அதற்குப் பக்கத்தில் 700. கடை லேபிளாக இருக்குமோ என்று பார்த்தேன். அதே தாளில் மாடல் எண்ணுக்கான கட்டமும் இருந்தது, ஆகவே செய்தவர்களுடையதுதான்.

"அண்ணே, இது ஜெர்மன் இல்ல. 72-க்கு அப்புறம் கல்கத்தால செஞ்சது."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அப்பா சும்மா சொன்னாரா?" என்றார். விலை குறைவதைப் பற்றி அவர் கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். வாங்கிய இடத்தில் அப்படிச் சொல்லி விற்றிருக்கலாம், வருடமும் ஞாபகத்தில் பிசகியிருக்கலாம் என்றேன். நெக்கைத் திருப்பிக் காட்டினேன். கட்டைவிரல் படும் இடத்தில் கறுப்பு தேய்ந்து பழைய பழுப்பும் தேய்ந்து மரமே தெரிந்தது. சும்மா மாட்டி வைத்த கிட்டாரில் அந்தத் தேய்மானம் வராது. "ஆமா, தெனம் வாசிப்பாரு" என்றார். மூவாயிரத்துக்கு முடிந்தது. பிரிட்ஜ் ஒட்ட அறுநூறு.

போடியில் பழைய கிட்டார் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: இது மலைக்குப் போய் வந்ததா? போடிமெட்டு ஏறினால் சுமார் ஆயிரம் மீட்டர் உயரம் கூடுகிறது. கீழே காய்கிற வெயில், மேலே சாரலும் மூடுபனியும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பக்கத்து அறை என்றால் நாளெல்லாம் அனல். மரம் ஈரத்தில் உப்பும், சூட்டில் சுருங்கும். பழைய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் (1920-களில் கார்களுக்கு வந்து, அங்கிருந்து கிட்டாருக்கு வந்தது) சட்டென்று குளிர்ந்தால் வெடிப்புவிட்ட கண்மாய் மாதிரி மெல்லிய கோடுகளாகப் பிரியும். அது பெரும்பாலும் மேலோட்டம், சிலர் அதற்காகவே கூடுதல் விலை கொடுப்பார்கள். பிற்காலத்துப் பாலியெஸ்டர் பூச்சு அப்படிக் கோடு விடாது. அடிபட்ட இடத்தில் சில்லாகப் பெயரும். 1950-கள் என்று சொல்லும் கிட்டாரில் கண்ணாடிச் சில்லு மாதிரிப் பெயர்ந்திருந்தால், ஒன்று காலம் பொய், அல்லது பூச்சு பின்னால் அடித்தது. பூச்சுக் கோட்டைவிட நான் பயப்படுவது பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு மாதிரி உப்பியிருப்பதற்கு. அது கம்பிகளின் இழுவை, பாலிஷ் போட்டு மறைக்க முடியாது.

லேபிள் சொல்லாத ஊர் ஒன்றும் உண்டு, மரத்தின் ஊர். பிரேசில் ரோஸ்வுட் தடிகள் கிடைப்பது தடைபட்டதால் 1969-இல் மார்ட்டின் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. நம் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. 2017 ஜனவரியில் அந்த மர இனம் முழுவதும் உலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது. கிட்டார் விற்பவர்கள் நாடு விட்டு நாடு அனுப்பக் காகிதத்துக்கு அலைந்தார்கள். செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு வந்தது. முதுகுப் பலகை நிஜமான ஈட்டிதானா என்று பார்க்க, வெளியே ஒரு கருங்கோட்டைப் பிடித்துக்கொண்டு, உள்ளே சின்னக் கண்ணாடியை விட்டு அதே இடத்தில் அதே கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடாவிட்டால் ப்ளைவுட்டின் மேல் ஒட்டிய மெல்லிய தோல்தான் அது.