மெய்கண்டாரும் அச்சுக்கூடமும்

பெண்ணாடத்தில் பிறந்தவர் என்று சைவ மரபு போற்றும் மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞானபோதம், பன்னிரண்டு சூத்திரங்களில் நாற்பதே அடிகளைக் கொண்ட சிறு நூலாயினும், பதியாகிய இறைவன், பசுவாகிய உயிர், உயிரைப் பிணிக்கும் பாசம் ஆகிய மூன்றின் இயல்பையும் தருக்க முறையில் நிறுவும் சைவ சித்தாந்தத்துக்கு அதுவே தலைநூலாகும். தீக்கை பெற்ற மாணாக்கருக்கு மடங்களில் ஏட்டுச்சுவடி வழியாகப் பாடம் சொல்லப்பட்டுவந்த இந்நூல், 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் தமிழினத்தின் அறிவுப் பெருமைக்குச் சான்றாகப் பொதுவெளிக்கு வந்ததில் ஆங்கிலேயர் ஆட்சிக்கு இருந்த பங்கையே இவ்வாரப் பகுதி ஆராய்கிறது.

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. 1801இல் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதி கம்பெனி வசமானபோது பெண்ணாடமும் சிதம்பரமும் அதன் நேரடி ஆளுகைக்குள் வந்தன. ஆனால் கம்பெனி ஆட்சியின் நிலவரியைக் காட்டிலும் ஆழமான மாற்றத்தை விளைவித்தது அச்சு எனலாம். இந்தியர் தடையின்றி அச்சகம் நடத்தத் தற்காலிகத் தலைமை ஆளுநர் மெட்காஃபின் 1835ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழாக்கத்துக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், மிஷனரிகளின் கருவிகளான பள்ளி, அச்சகம், பிரசங்கம் ஆகிய மூன்றையும் கைக்கொண்டு அவர்களையே எதிர்த்தார். 1864இல் சிதம்பரத்தில் அவர் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை அம்முயற்சியின் தமிழகக் கிளையாயிற்று.

யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி ஹொய்சிங்டன், சிவஞானபோதத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை 1854இல் வெளியிட்டார். இரண்டாண்டுகளில் கால்டுவெல் பாதிரியாரின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்து, தமிழ் வடமொழியின் கிளையன்று என்ற கருத்துக்கு மொழியியல் அடித்தளம் அமைத்தது. இவ்விரு போக்குகளும் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையிடம் ஒன்றுகூடின. ஆங்கில அரசின் மாவட்ட முன்சீப்பாக, அதாவது உரிமையியல் வழக்குகளின் கீழ்நிலை நீதிபதியாக இருந்த அவர், 1895இல் அந்நூலை ஆங்கிலத்தில் மீண்டும் மொழிபெயர்த்தார். 1897இல் விக்டோரியா அரசியின் வைரவிழா நாளிலேயே ‘சித்தாந்த தீபிகை’ என்னும் இதழைத் தொடங்கினார். பேரரசின் கொண்டாட்ட நாளில் பிறந்த இதழ் தமிழரின் சமயத் தனித்தன்மையை உலகுக்கு எடுத்துரைத்ததை முரண்பாடு என்று ஒதுக்குவது பொருந்தாது. அத்தலைமுறையினருக்கு ஆங்கிலக் கல்வியே தம் மரபைப் புதிதாகக் காணும் வழியாகவும், அம்மரபைத் தாழ்த்திப் பேசியோருக்கு விடைகூறும் களமாகவும் இருந்தது.

ஆயினும் இதற்கு ஒரு விலை இருந்தது. 1900இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த ஜி. யு. போப் பாதிரியார் சைவ சித்தாந்தத்தைப் பெரிதும் மதித்தார். தமிழர் அம்மதிப்பை நன்றியோடு எடுத்தாண்டதில் குறையில்லை, ஆனால் தம் நூலின் தகுதிக்கு அயலார் சான்று தேவை என்ற மனப்பாங்கும் உடன் வேரூன்றியதை மறைப்பதற்கில்லை. மூலம், வழி என்ற பாகுபாடே இனப்பெருமையின் அளவுகோலானபோது, சிவஞானபோதம் வடமொழி ரௌரவ ஆகமப் பகுதியின் தமிழாக்கம் என்ற பழைய உரைமரபைப் பலர் மறுத்து, அது தமிழிலேயே தோன்றிய முதனூல் என்று வாதிட்டனர். நூலின் பொருளைக் காட்டிலும் அதன் பிறப்பு மிகுதியாகப் பேசப்பட்டது.

இதனினும் பெரிய குறை, அப்பெருமையில் யாருக்கு இடம் இருந்தது என்பதில் உள்ளது. மெய்கண்டாரைத் தமிழர் அனைவருக்கும் உரியவராக்கிய எழுத்துகள் பெரும்பாலும் வேளாளர் முதலிய மேல்நிலைச் சாதியினரின் கைவண்ணம்; அதே ஆண்டுகளில் தமிழருள் பலருக்குச் சிவன்கோயில் வாயில் அடைபட்டிருந்தது. சமயத்தில் தலையிடுவதில்லை என்று அறிவித்த ஆட்சியின் நீதிமன்றங்கள், பழைய வழக்கத்தைச் சட்ட உரிமையாக ஏற்றதன் மூலம் அவ்வாயிலை மேலும் இறுக்கின. கமுதிக் கோயிலுக்குள் நாடார் சாதியினர் நுழையலாகாது என்ற தீர்ப்பை லண்டன் பிரிவி கவுன்சில், அதாவது பேரரசின் உச்ச முறையீட்டு மன்றம், 1908இல் உறுதிசெய்தது. சென்னை மாகாணத்துக் கோயில்களை இந்துக்கள் அனைவருக்கும் திறந்துவிடும் சட்டம் 1947இல்தான் வந்தது.